பத்தடி ஓடித் திரும்பிப் பார்த்தவள்

வெதுருகுப்பத்தைத் தாண்டி மலையடிவாரத்தில் ஓர் ஏரி. மே மாதத்தில் அதை ஏரி என்று சொல்வது ஒரு மரியாதைக்குத்தான். தண்ணீர் ஒரு மூலையில் கல்யாணப் பந்தல் அளவுக்குச் சுருங்கிக் கிடக்கும். மீதியெல்லாம் வெடித்த களிமண், சீமைக்கருவேலம். சாயங்காலம் ஐந்து மணி தாண்டி வெயில் மஞ்சளாகும்போது மலைப் பக்கமிருந்து முதலில் தூசி இறங்கி வரும். அப்புறம் குதிரைகள். பதினொரு குதிரைகள். அவற்றில் எட்டின் மேல் மனிதக் கை பட்டதே இல்லை.

அந்தப் பதினொன்றில் எனக்கு ஒன்று வேண்டும். ஒன்றே ஒன்று. தப்பானதைத் தேர்ந்தெடுத்தால் திருத்திக்கொள்ள எனக்கு வயதில்லை.

நாற்பதுக்கு மேல் குதிரை ஏறக் கற்றவள் நான். சித்தூரில் மிஷன் காலத்திலிருந்தே சபையில் இருக்கிற குடும்பம் எங்களுடையது. கிறிஸ்துமஸுக்குப் புடவை எடுக்க வேலூர் போவதே எங்கள் வீட்டில் பெரிய பயணம். எனக்கு மட்டும் எங்கிருந்தோ காலில் ஒரு அரிப்பு. கல்யாணமாகித் திருப்பதிக்கு வந்த பிறகும் அது போகவில்லை. ஸ்ரீசிட்டியில் ஒரு தொழிற்சாலையில் தரம் பார்க்கும் வேலை. விடியும் முன்னால் கம்பெனி பஸ், இருட்டும் நேரம் மறுபடி கம்பெனி பஸ். நடுவில் எட்டு மணி நேரம் ஒரே மாதிரியான பிளாஸ்டிக் மூடிகள் பெல்ட்டில் வந்துகொண்டே இருக்கும். கீறல் இருந்தால் சிவப்பு ஸ்டிக்கர், இல்லாவிட்டால் பச்சை. பஸ் ஜன்னலில் நெற்றியை வைத்துக்கொண்டு ஓடுகிற எதையும் பார்த்துக்கொண்டு வருவேன். கூட்ஸ் வண்டி, மேக நிழல், வரப்பில் ஓடும் நாய். ஒரு நாள் சென்னை போகிற வழியில் சவாரிப் பள்ளி ஒன்றின் பலகையைப் பார்த்தேன். அடுத்த ஸ்டாப்பில் இறங்கிவிட்டேன். அன்றைக்குப் போயிருக்க வேண்டிய நிச்சயதார்த்தத்துக்கு நான் போகவேயில்லை. அதற்காக நாத்தனார் இன்னும் என்னிடம் சரியாகப் பேசுவதில்லை.

நான் விரும்பியது குதிரைப் பந்தயத்தை இல்லை. நெடுந்தூரச் சவாரி. எண்டூரன்ஸ் என்பார்கள். மண்பாதையில், மேட்டில், பள்ளத்தில் நாற்பது கிலோமீட்டர். முதலில் வருவதெல்லாம் பெரிதில்லை. முடித்தபின் ஒரு டாக்டர் ஸ்டெதாஸ்கோப்போடு நிற்பார். இருபது நிமிஷத்துக்குள் குதிரையின் துடிப்பு அறுபத்துநாலுக்கு இறங்கிவிட வேண்டும். இறங்காவிட்டால் நாற்பது கிலோமீட்டரும் ஓடாத மாதிரிதான். ஓடத் தெரிந்த குதிரைகள் நிறைய உண்டு. ஓடி முடித்ததும் உள்ளுக்குள் நிற்கத் தெரிந்த குதிரைகள் குறைவு. வாடகைக் குதிரைகளில் இரண்டு தடவை போனேன். முதல் தடவை எழுபத்திரண்டில் நின்றது, இரண்டாம் தடவை அறுபத்தெட்டில். என் முட்டியைப் பார்த்த எலும்பு டாக்டர், இன்னும் இரண்டு மூன்று வருஷம் ஏறலாம், அதற்கப்புறம் வேண்டாம் என்றார். குடிபாலாவில் அண்ணனின் மாந்தோப்பில் தகரம் போட்ட ஒரு கொட்டகை இருக்கிறது. ஒரு குதிரைக்கு இடம். ஒரு குதிரை, இரண்டு மூன்று வருஷம், ஒரே ஒரு நாற்பது கிலோமீட்டர். எனக்கு வேண்டியதெல்லாம் அவ்வளவுதான்.

குதிரைக்காரர் கல்யாண ஊர்வலத்துக்குக் குதிரை விடுகிறவர். ஐம்பதைத் தாண்டிய ஆள். பேச்சு தமிழில் தொடங்கித் தெலுங்கில் போய் மறுபடி தமிழில் வந்து முடியும். கொரோனா வந்தபோது கல்யாணங்கள் நின்றுபோயின. கொள்ளுக்கும் புல்லுக்கும் வழியில்லாமல் எல்லாவற்றையும் மலைப் பக்கம் அவிழ்த்து விட்டிருக்கிறார். முகூர்த்தங்கள் திரும்பி வந்ததும் வெள்ளையாக இருந்த இரண்டை மட்டும் பிடித்துக்கொண்டு வந்தார். மற்றவை அங்கேயே திரிந்தன, அங்கேயே குட்டி போட்டன. இப்போது ஏரிக்கரை வரைக்கும் சோலார் கம்பெனிக்கு வேலி போடப் போகிறார்கள். மாசக் கடைசிக்குள் குதிரைகளைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். வடக்கே ஒரு குதிரைச் சந்தைக்குப் போக லாரி பேசிவிட்டார். "லாரி வர்றதுக்குள்ள உனக்கு இன்னா வேணுமோ பொறுக்கிக்கோ மேடம்" என்றார் போனில், ஏதோ கத்தரிக்காய் விற்கிற மாதிரி.

அவர் குதிரை தேர்ந்தெடுப்பது இப்படி. முதலில் சுழி. நெற்றியில், கழுத்தில், விலாவில் மயிர் சுழன்றிருக்கும் இடங்களை விரலால் தடவி, எது மாப்பிள்ளைக்கு ஆகும், எது ஆகாது என்று பார்ப்பார். அப்புறம் தாளம். பழைய எண்ணெய் டின்னைக் கவிழ்த்துக் குச்சியால் கல்யாண மேளம் மாதிரி தட்டுவார். அந்தச் சத்தத்துக்குக் குதிரை மிரளாமல், கழுத்தை வளைத்து, முன்னங்காலை ஒவ்வொன்றாகத் தூக்கி வைத்தால் அது நல்ல குதிரை. மிரண்டால் சந்தைக்கு.

முதல் ஞாயிறு ஆராதனை முடிந்து, சாப்பிட்டு, கணவரின் பைக்கில் ஏரிக்குப் போனோம். அவர் எங்கள் சபைப் பாடகர் குழுவில் அடிக்குரல் பாடுகிறவர். குதிரை பற்றி ஒன்றும் தெரியாது, ஆனால் என் கூட வராமல் இருந்ததும் இல்லை. டின் சத்தம் கேட்டதும் கூட்டத்திலிருந்து ஒரு சாம்பல் நிற இளம் ஆண் குதிரை, அவர் பாஷையில் கோளை, தானாகவே பிரிந்து வந்தது. என்ன கழுத்து! வில்லை யாரோ நாணேற்றி வைத்த மாதிரி. காலைத் தூக்கி வைத்த விதத்தில் ஏரி மண்ணே மேடையாகிவிட்டது. அதன் தாய் ஊர்வலக் குதிரை. ஒரு சீசன் முழுக்கத் தாயோடு சேர்ந்து ஊர்வலத்தில் நடந்திருக்கிறது, சேணமும் கண்டிருக்கிறது. சுழி சுத்தம் என்றார் குதிரைக்காரர்.

"இவன்தான்" என்றார் கணவர். "நம்ம கொயர்ல பாதிப் பேருக்கு இவன் அளவுக்குத் தாளம் வராது."

நானும் தலையை ஆட்டினேன். இதை எழுதும்போது வெட்கமாக இருக்கிறது. நாற்பது கிலோமீட்டருக்குக் குதிரை தேடி வந்தவள், ஊர்வலக் குதிரையைத் தேர்ந்தெடுக்கிற மாதிரியே தேர்ந்தெடுத்தேன். எங்கள் பக்கத்தில் அழகான குதிரை என்றால் கண்ணுக்கு வேறு எதுவும் தெரியாது. சின்ன வயசிலிருந்து நாங்கள் பார்த்த குதிரைகள் எல்லாமே யாரோ ஒரு மாப்பிள்ளைக்குக் கீழேதான் நின்றிருக்கின்றன.

இரண்டு வாரம் ஓட்டிப் பார்க்கிறேன் என்று சொல்லிக் கோளையை மினி லாரியில் குடிபாலாவுக்குக் கொண்டுவந்தோம். மாங்காய் சீசன் தொடங்கியிருந்தது. பழக்கூழ் ஃபேக்டரிக்குப் போகிற டிராக்டர்கள் ரோட்டோரம் வரிசையில் நின்றன. ஒவ்வொன்றிலும் ஒரு ஸ்பீக்கர், ஒவ்வொரு ஸ்பீக்கரிலும் ஒரு பாட்டு. சனிக்கிழமை காலை முதல் தடவை தோப்பை விட்டு வெளியே வந்தேன். முதல் டிராக்டர் பக்கத்தில் போனதும் கோளை நின்றது. கழுத்தை வளைத்தது. காலைத் தூக்கி வைத்தது. பத்தடி நடந்தது. நின்றது. திரும்பிப் பின்னால் பார்த்தது.

ஊர்வலம் அப்படித்தானே போகும். பத்தடி நடந்து நிற்க வேண்டும். பின்னால் ஆடிக்கொண்டு வருகிறவர்கள் வந்து சேர வேண்டும். வந்து சேர்ந்தால் இன்னும் பத்தடி. பின்னால் யாரும் வரவில்லை என்பதைக் கோளைக்கு என்னால் புரியவைக்க முடியவில்லை. குதிகாலால் தட்டினேன். தமிழில் கெஞ்சினேன், தெலுங்கில் அதட்டினேன். அது ரொம்பப் பணிவாக, ரொம்ப அழகாக, இல்லாத கூட்டத்துக்காகக் காத்திருந்தது.

அப்பால் ஒரு கிராமத்து முனையில் ஷாமியானா போட்டிருந்தார்கள். மஞ்சள் நீராட்டு. மேளம் முழங்கிக்கொண்டிருந்தது. என் அனுமதியைக் கேட்காமலே கோளை ரோட்டை விட்டு இறங்கி நேராகப் பந்தலுக்குள் போய், வாசலைப் பார்த்து நின்றது. வீட்டுக்காரர்கள் ஒரு நிமிஷம் திகைத்தார்கள். பிறகு யாரோ ஏற்பாடு செய்த குதிரை என்று முடிவு செய்துகொண்டார்கள். ஒரு பெண்மணி தட்டோடு வந்து கோளையின் நெற்றியில் குங்குமம் வைத்தார். ஹெல்மெட்டோடு மேலே உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்து, எனக்கும் வைக்கலாமா என்று யோசித்துவிட்டு விட்டுவிட்டார். எனக்கு மோர் கொடுத்தார்கள். எல்லோரும் வந்து செல்ஃபி எடுத்துக்கொண்டார்கள். மேளக்காரர்கள் காப்பி குடிக்கப் போனபிறகுதான் எங்களால் கிளம்ப முடிந்தது.

தோப்பு வாசலில் அண்ணன் பெட்டிகளுக்கு நடுவே நின்றிருந்தார். குங்குமத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "பாப்பா, மாப்ள எங்க?" என்றார். நாற்பத்தெட்டு வயதிலும் அவருக்கு நான் பாப்பா.

சிரிப்பு அடங்கியபிறகு ஸ்டெதாஸ்கோப்பை எடுத்து, கோளையின் முன்னங்கால் முழங்கைக்குப் பின்னால் இடதுபக்கம் வைத்துக் கேட்டேன். எட்டு கிலோமீட்டர்தான், அதிலும் பாதி நின்ற நேரம். தொண்ணூற்றிரண்டு. இருபது நிமிஷம் கழித்து எழுபத்தாறு. இரண்டு வாரமும் ஏறிய நாளெல்லாம் பார்த்தேன். எழுபதுக்குக் கீழே வரவேயில்லை. உடம்பில் குறையில்லை. அதன் காது ஓய்வதில்லை. எந்த நிமிஷமும் எங்கிருந்தாவது மேளம் கேட்கலாம் என்று நின்றபடியே ஓடிக்கொண்டிருந்தது உள்ளே. அந்த நிலைமை எனக்குத் தெரியாததில்லை. கம்பெனி பஸ்ஸில் தூங்கும்போதும் என் கண்ணுக்குள் பெல்ட் ஓடிக்கொண்டுதான் இருக்கும்.

கோளையைத் திருப்பிக் கொண்டுபோய் விட்டபோது குதிரைக்காரர் கோபப்படவில்லை. ஆவணியில் முகூர்த்தம் நிறைய, இவனை நானே வைத்துக்கொள்கிறேன் என்றார். எனக்கு மிச்சம் இருந்தவை இரண்டு ஞாயிறுகள். அதற்கடுத்த புதன்கிழமை லாரி.

அந்த இரண்டில் முதல் ஞாயிறு, டின் தட்ட வேண்டாம் என்று குதிரைக்காரரிடம் சொல்லிவிட்டேன். கரையில் ஒரு துண்டை விரித்து, போனில் ஸ்டாப்வாட்ச்சைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். இறங்கி வருகிற குதிரைகளின் விலாவைப் பார்த்தேன். ஒரு நிமிஷத்துக்கு எத்தனை தடவை ஏறி இறங்குகிறது. தண்ணீர் குடித்த பின் எவ்வளவு நேரத்தில் அடங்குகிறது. குளம்பு வெடித்திருக்கிறதா, கால் நேராக விழுகிறதா. எட்டு மணி நேரம் மூடி பார்த்துப் பழகிய கண், குறையை உடனே கண்டுபிடித்துவிடும். இதற்குப் பின்னங்கால் உள்வாங்கல், சிவப்பு. அதற்கு முதுகு நீளம், சிவப்பு. சாயங்காலம் ஆவதற்குள் ஏரி முழுக்கச் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டியாயிற்று. குதிரைக்காரர் பீடியைப் பற்றவைத்துக்கொண்டு, "இப்டி பார்த்தா நான் கூட எங்க வீட்டம்மாவைக் கட்டிகினு இருக்க மாட்டேன்" என்றார்.

அப்போதுதான் கணவரின் பைக் சத்தம் போட்டது. கிளம்பலாம் என்று உதைத்தவருக்கு, சைலன்ஸரில் பட்டாசு வெடித்த மாதிரி ஒரு வெடி. குதிரைகள் எல்லாம் சிதறின. மண் கிளம்பி ஏரியையே மூடிவிட்டது. குளம்புச் சத்தம் மலை வரைக்கும் போய் அங்கே கரைந்தது.

மண் இறங்கியபோது ஒன்று மட்டும் அங்கேயே நின்றிருந்தது.

மண் நிறத்திலேயே ஒரு பெட்டைக் குதிரை. அதனால்தானோ என்னவோ அதுவரை என் கண்ணில் அது பட்டதேயில்லை. கூட்டத்தோடு சேர்ந்து ஓடத் தொடங்கியது. பத்தடி ஓடியிருக்கும். நின்றது. திரும்பியது. இரண்டு காதுகளையும் பைக்கின் மேல் வைத்துப் பார்த்தது. ஓடுவதற்கு அதில் அவசியம் இருக்கிறதா என்று விசாரிக்கிற பார்வை. இல்லை என்று முடிவாகியிருக்க வேண்டும். நடந்து போய்த் தண்ணீரில் வாயை வைத்தது. கையில் ஸ்டாப்வாட்ச் ஓடிக்கொண்டுதான் இருந்தது. விலா நிமிஷத்துக்குப் பன்னிரண்டு. வெடியே கேட்காத குதிரை விடுகிற மூச்சு. மலைக்கு ஓடிய மற்றவை ஒவ்வொன்றாகத் திரும்பி வந்து நுரைத்துக்கொண்டு நின்றபோது, அது குடித்து முடித்துப் புல்லைத் தேடப் போய்விட்டிருந்தது.

என் மனசுக்குள் ஏதோ சின்னதாகத் தாழ்ப்பாள் விழுந்தது. எல்லாவற்றிலும் எது ஓடுகிறது என்றே பார்த்து வந்தவள் நான். எது அநாவசியமாக ஓடாது என்று பார்க்க அன்றைக்குத்தான் தோன்றியது.

"அதுவா" என்றார் குதிரைக்காரர். முகம் சுருங்கிவிட்டது. "அது வேணாம் மேடம். தொண்டைக்குக் கீழ சுழி கீது. அந்தச் சுழி இருந்தா மாப்ளைய ஏத்த மாட்டாங்க, வீட்லயும் கட்ட மாட்டாங்க. அதனாலதான் அதை நான் பிடிக்கவே இல்ல. அந்தச் செவலையை இட்டுகினு போ. சாது. கொழந்த மாதிரி."

இங்கே ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். எங்கள் சபையில் சுழி, ராகுகாலம் எதையும் பார்க்க மாட்டோம். ஆனால் ராகுகாலம் எத்தனை மணிக்கு என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். பைக்கில் திரும்பும்போது கணவர், நமக்கேது சுழி, அதெல்லாம் அவங்க வழக்கம் என்று உறுதியாகச் சொன்னார். வீட்டுக்கு வந்து காப்பி போடும்போது எட்டிப் பார்த்தேன். அவர் என் போனில் இருந்த படத்தைப் பெரிதாக்கி, பெட்டையின் தொண்டைக்குக் கீழே தேடிக்கொண்டிருந்தார். சிரித்தேன். ஆனால் அடுத்த நாள் கம்பெனி பஸ்ஸில் நானும் அதே படத்தை அதே இடத்தில் பெரிதாக்கிப் பார்த்தேன். ஒரு ரூபாய் அகலத்தில், தண்ணீர் சுழித்து இறங்குகிற மாதிரி மயிர். அழகாக இருந்தது. அழகாக இருக்கிறது என்று நினைத்த அதே நிமிஷம் படத்தை மூடிவிட்டேன். வாரம் முழுக்க அந்தச் சுழியின் நினைப்போடு மூடிகளைப் பார்த்தேன். கீறலே இல்லாத இரண்டு மூடிகளுக்குச் சிவப்பு ஒட்டி, சூப்பர்வைசரிடம் பேச்சு வாங்கினேன்.

கடைசி ஞாயிறு. குதிரைக்காரர் செவலையைப் பிடித்துக் கயிறு போட்டுத் தயாராக வைத்திருந்தார். அது உண்மையிலேயே சாதுதான். என் தோளில் மூக்கை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டது. அதன் விலாவையும் எண்ணினேன். குறையில்லை, சிறப்புமில்லை. அதைத் தேர்ந்தெடுத்திருந்தால் யாரும் என்னைக் குறை சொல்லியிருக்க மாட்டார்கள்.

அண்ணன் தோப்பிலிருந்து உதிர்ந்த பெங்களூரா மாங்காய்களைக் கொட்டை நீக்கி, துண்டு போட்டு டிபன் பாக்ஸில் கொண்டு வந்திருந்தேன். செவலையின் கயிற்றைக் கணவரிடம் கொடுத்துவிட்டு ஏரிக்குள் இறங்கினேன். பெட்டை என்னைப் பார்த்ததும் ஓடியது. பத்தடி. திரும்பியது. நான் ஒரு துண்டை மண்ணில் வைத்துவிட்டுப் பின்னால் வந்தேன். நேரம் எடுத்துக்கொண்டு வந்து முகர்ந்தது. உதட்டால் புரட்டியது. தின்னவில்லை. இரண்டாவதையும் தின்னவில்லை. மூன்றாவதை வாயில் போட்டு, புளிப்பில் மேலுதட்டை மடக்கி ஆகாயத்தைப் பார்த்துப் பல்லைக் காட்டியது. அப்புறம் இரண்டு அடி முன்னால் வந்து, அடுத்தது எங்கே என்கிற மாதிரி நின்றது. எனக்கும் அதற்கும் நடுவில் ஒரு கை நீளம். அந்தத் தூரத்தில் சுழி நன்றாகத் தெரிந்தது. மூச்சு விடும்போதெல்லாம் மெல்ல விரிந்து சுருங்கியது. நான் அதைப் பார்த்துக்கொண்டே விலாவை எண்ணினேன். பன்னிரண்டு.

கரைக்குத் திரும்பி வந்து, மண் நிறத்தையே எடுத்துக்கொள்கிறேன் என்றேன். குதிரைக்காரர் என் கணவரைப் பார்த்தார், நீங்களாவது சொல்லக் கூடாதா என்கிற மாதிரி. கணவர் செவலையின் நெற்றியைத் தடவிக்கொண்டு, "அவ மூடி பாக்கறவ. அவ சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார்.

"எனக்குத் தெரிஞ்சதைச் சொல்லிட்டேன் மேடம்" என்றார் குதிரைக்காரர் கடைசியில். "சுழி பார்த்து வாங்கினதெல்லாம் எனக்கு நல்லாத்தான் இருந்துது. ஆனா ஒண்ணு. அதுல எதையும் நான் நாப்பது கிலோமீட்டர் ஓட்டிப் பார்த்ததில்ல."

தண்ணீரைச் சுற்றி முள்ளடைத்து அதைப் பிடிக்க இரண்டு நாள் ஆனது. புதன்கிழமை பெரிய லாரி வடக்கே போனது, சின்ன லாரி குடிபாலாவுக்கு வந்தது. வேலை நாளில் விடுப்பு எடுத்து அதோடு வந்தேன். வழி முழுக்க அவள் ஒரு தடவைகூடக் காலை உதைக்கவில்லை. ஆமாம், அவள். எந்த இடத்தில் அது அவளானாள் என்று எனக்குத் தெரியவில்லை. புத்தூர் கிராஸுக்கு முன்னாலேயே இருக்கும்.

அப்புறம் ஒன்றரை வருஷம். அதை எழுத ஆரம்பித்தால் வேறு புத்தகம். முதல் மாசம் கழுத்தில் கை வைக்க மட்டும். இரண்டாம் மாசம் காலைத் தூக்க மட்டும். குதிரைக்காரர் மூன்று வாரம் தோப்பில் தங்கி சேணம் பழக்கிக் கொடுத்தார். அவள் தொண்டைப் பக்கம் மட்டும் கையை வைக்க மாட்டார். சனி, ஞாயிறு விடியலில் மாந்தோப்புகளுக்கு நடுவே, தமிழ்நாட்டு எல்லைக் கல் வரைக்கும் போய்த் திரும்புவோம். டிராக்டர் ஸ்பீக்கர், நாய், பிளெக்ஸ் பேனர், எது வந்தாலும் அவளுடைய வழக்கம் ஒன்றுதான். மிரளுவாள், பத்தடி ஓடுவாள், நிற்பாள், திரும்பிப் பார்ப்பாள். பார்த்து முடித்தபின் அந்தப் பொருள் அவளுக்கு முடிந்துபோன விஷயம். அந்தப் பத்தடியில் இரண்டு தடவை விழுந்தேன். அண்ணன் இரண்டு தடவையும் மாங்காய்ப் பெட்டியில் என்னை உட்காரவைத்து, டீ கொடுத்து, வேண்டாம் பாப்பா என்றார். இரண்டு தடவையும் மூன்றாவது வாய் டீக்கு முன்னால் எழுந்துவிட்டேன்.

போன ஜனவரியில் பெங்களூருக்கு வடக்கே, திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே நாற்பது கிலோமீட்டர். இருபது இருபதாக இரண்டு சுற்று. பெரிய பெரிய வடக்கத்திக் குதிரைகள், பளபளப்பு, வளைந்த காதுகள். என் மண் நிறத்தாளை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. முதல் சுற்று முடிந்ததும் ஐம்பத்தாறு. இரண்டாவது சுற்றில் பனி விலகி வெயில் ஏறியது. முட்டி தன் கதையைச் சொல்லத் தொடங்கியது. நான் கேட்கவில்லை. அவள் குளம்புச் சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டு வந்தேன். எனக்குள் எப்போதும் ஓடிக்கொண்டிருக்கிற பெல்ட் எந்த இடத்தில் நின்றது என்று தெரியவில்லை. ஒரு புளியமரத்து நிழலைக் கடக்கும்போது கவனித்தேன், அது ஓடவில்லை.

முடிவுக் கோட்டில் மேளம் வைத்திருந்தார்கள். வருகிறவர்களை வரவேற்கவாம். அவள் மேளத்தைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஆனால் அதற்குப் பக்கத்தில் காற்றில் பாதி அறுந்து படபடத்த ஒரு பேனர் அவள் மேல் வந்து விழப்பார்த்தது. துள்ளினாள். பத்தடி. திரும்பினாள். நான் கழுத்தைப் பிடித்துக்கொண்டு தப்பித்தேன்.

ஸ்டெதாஸ்கோப் வைத்த இளம் டாக்டர் பெண், "அறுபத்தெட்டு" என்றாள்.

எனக்குப் பழக்கமான எண். போன தடவையும் அதிலேயே நின்று திரும்பியிருக்கிறேன். இன்னும் ஒரு தடவை காட்டலாம். பதினொரு நிமிஷம் மிச்சம். அண்ணன் குடத்தில் தண்ணீர் மொண்டு அவள் கழுத்தில், காலுக்கு நடுவில் ஊற்றினார். கணவர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, தனக்கே தெரியாமல் ஞாயிற்றுக்கிழமை அடிக்குரலை முனகத் தொடங்கினார். நான் எதுவும் செய்யவில்லை. அவள் எதைச் செய்ய வேண்டுமோ அதைத்தான் செய்துகொண்டிருந்தாள். பேனர் பக்கம் காதைத் திருப்பி அதை விசாரித்துக்கொண்டிருந்தாள். என் விரல் அவள் தாடைக்குக் கீழே நரம்பில் இருந்தது. துடிப்பு விரலை இடிக்கிறது, இடிக்கிறது, அப்புறம் தட்டுகிறது, அப்புறம் தொடுகிறது. பேனரை யாரோ மடித்து எடுத்துக்கொண்டு போனார்கள். அவள் பெருமூச்சு விட்டுத் தலையைத் தொங்கப் போட்டாள்.

டாக்டர் மறுபடி குனிந்து கேட்டாள். உதடு அசைய எண்ணினாள். கையைத் தூக்கி, "ஐம்பத்தெட்டு" என்று எழுதுகிறவருக்குக் குரல் கொடுத்தாள். பிறகு ரத்தம் திரும்ப நிறைகிற வேகம் பார்க்கக் கழுத்து நரம்பைக் கட்டைவிரலால் அழுத்தினாள். விரல் தொண்டைக்குக் கீழே நழுவியது. மயிரைப் பிரித்துப் பார்த்து நிமிர்ந்தாள்.

"இங்க ஒரு சுழி இருக்கு மேடம். தெரியுமா?"

"தெரியும்" என்றேன்.

டாக்டர் சீட்டில் கையெழுத்துப் போட்டாள். நாங்கள் கடைசிக்கு முந்தின இடம். அண்ணன் தேங்காய் உடைக்கப் போகிறவர் மாதிரிக் குடத்தைத் தலைக்கு மேல் தூக்கி, மீதித் தண்ணீரையெல்லாம் என் மேல் ஊற்றினார். அந்த நேரம் குதிரைக்காரர் போன் செய்தார். சாம்பல் கோளையோடு காளஹஸ்தியில் ஒரு கல்யாணத்தில் இருந்தார், பின்னால் மேளம் கேட்டது. இறங்கிச்சா என்றார். இறங்கிச்சு என்றேன். அந்தப் பக்கம் மேளச் சத்தம் பத்தடி தள்ளிப் போனது. அப்புறம், அந்தச் சுழியை ஒரு போட்டோ எடுத்து அனுப்பு மேடம், கிட்ட வெச்சு எடு, நான் சரியாப் பார்த்ததேயில்ல என்றார்.

எடுக்கப் போனேன். அவள் வாளியில் முகம் முழுக்க நுழைத்துக் குடித்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு வாய்க்கும் அந்த இடம் ஏறி இறங்கியது. குடித்து முடிக்கட்டும் என்று போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.